கழுத்துக்குள் ஓர் உதடு: இடுக்கில் மாட்டிய பாட் ஃபில்டர், பல மாதம் ஓட்டிய பிறகு

"பைக்கில் 28 மி.மீ. கார்புரேட்டர் போட்டாச்சு, பழைய ஏர் பாக்ஸ் ரப்பர் அதன் வாயில் ஏறவில்லை, பின்னால் இடமும் இல்லை. எந்த ஃபில்டர் வாங்கலாம்?" நண்பர் கேட்ட கேள்வி இது. கேட்டவர்களுக்கெல்லாம் கிடைக்கும் பதில், வளைந்த கழுத்து வைத்த பாட் ஃபில்டர்: ஏர் பாக்ஸ் எனும் ஃபில்டர் பெட்டி இல்லாமல், தன் ரப்பர் கழுத்தால் கார்புரேட்டர் வாயை நேரடியாகக் கவ்விக்கொள்ளும் ஃபில்டர். பதில் தப்பில்லை. பல மாதம் ஓடிய பிறகும் தூசியை நிறுத்தும் வேலையில் அதன்மேல் குறை சொல்ல எதுவும் கிடையாது. கோபமெல்லாம் அந்தக் கழுத்துக்குள் சுற்றி ஓடும் மூன்று, நான்கு மி.மீ. ரப்பர் உதட்டின் மேல்தான். அதற்கு வருகிறேன்.

முதலில் அளவு. 28 என்பது உள்ளே ஓடும் துளையின் விட்டம். ஃபில்டர் உட்காரும் வாயின் வெளிவிட்டம் அதைவிட நன்றாகவே பெரிசு. 28 என்று எழுதி விற்கும் இரண்டு கார்புரேட்டர்களுக்கு இந்த வெளிவிட்டம் ஒன்றாக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். வெர்னியர் அளவுகோல் எடுத்து, விளிம்பில் இருக்கும் மேட்டையும் அதற்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தையும் தனித்தனியே அளந்துவிடுங்கள். கழுத்துகள் 35, 38, 42, 45, 48, 50 என்று கிடைக்கும். அரை மி.மீ., ஒரு மி.மீ. சின்னதாக இருந்தால் நல்லதுதான், இழுபட்டு ஏறிக் கவ்விக்கொள்ளும். இரண்டு மி.மீ. பெரிசாக வாங்கிவிட்டு கிளாம்பை இறுக்கிச் சமாளிக்கப் பார்த்தால் ரப்பர் ஓரிடத்தில் மடிந்து சுருக்கம் விழும். அந்தச் சுருக்கம் வழியாகத் தூசி நேராக சிலிண்டருக்குப் போகும்.

இடத்தை அளக்கும்போது எல்லோரும் ஃபில்டரின் நீளத்தை மட்டும் பார்க்கிறார்கள். கிளாம்பின் திருகுப் பெட்டி தனியாக ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத் துருத்தும், அதன் தலைக்கு நேராக ஸ்க்ரூட்ரைவரும் போக வேண்டும். சிலிகான் எல்போ (வளைந்த குழாய்) வைத்துத் திருப்பலாம் என்றால் அதன் சுவர் மட்டுமே நான்கைந்து மி.மீ., இரண்டு பக்கமும் சேர்த்தால் பத்து மி.மீ. போச்சு. இன்ஜின் ரப்பர் புஷ்ஷில் உட்கார்ந்த வண்டி என்றால் ஆக்சிலரேட்டரை முறுக்கும்போது கார்புரேட்டரும் சேர்ந்து ஆடும். சேஸி குழாய், பேட்டரி பெட்டி எதுவாக இருந்தாலும் 8 முதல் 10 மி.மீ. விட்டுத்தான் ஆக வேண்டும். விடாவிட்டால் உரசி உரசி முதலில் வலை தேயும், அப்புறம் நுரை. பின் ஷாக் முழுக்க அமுங்கும்போது எது எங்கே வருகிறது என்பதையும் ஆளை உட்காரவைத்து ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

இடம் பத்தவில்லை என்று குட்டை ஃபில்டர் வாங்குகிறவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. ஃபில்டரின் பின் மூடி, துளையின் விட்டத்தில் கால் பங்கு தள்ளி நின்றால்தான், சுற்றிலும் காற்று நுழையும் பரப்பு துளையின் பரப்புக்குச் சமமாகும். 28க்கு 7 மி.மீ. அது காகிதக் கணக்கு. காற்று திரும்பி வளைந்து உள்ளே வர வேண்டியிருப்பதால் ஒரு முழு விட்டம், அதாவது 28 மி.மீ., வாய்க்கும் மூடிக்கும் நடுவில் இருக்கட்டும். அதற்குக் கீழே போனால் மேல் ஆர்பிஎம்மில் மூச்சு முட்டும். அதை ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் சிறு துளைத் திருகு) கோளாறு என்று நினைத்துத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

இப்போது அந்த உதடு. கார்புரேட்டரின் காற்று வாயைப் பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். கீழ் விளிம்பில் இரண்டு சிறு ஓட்டைகள் தெரியும். சில மாடலில் ஒன்று கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளி இருக்கும். ஒன்று, ஐடிலிங்கைக் கவனிக்கும் பைலட் சர்க்யூட்டுக்குக் காற்று கொடுப்பது, இன்னொன்று மெயின் ஜெட்டுக்கு மேலே இருக்கும் குழாயில் பெட்ரோலோடு காற்றைக் கலப்பது. ஃபில்டர் கழுத்தைத் தள்ளி ஏற்றும்போது இதற்குமேல் போகாதே என்று நிறுத்துவதற்காக உள்ளே வைத்திருக்கும் உதடு, நேராகப் போய் இந்த ஓட்டைகளின் மேல் உட்காருகிறது. ஓட்டை இல்லாத, உதடு தடுத்தாலும் பாதிக்காத இடம் விளிம்பில் எவ்வளவோ இருக்கிறது, ஆனால் உதடு முழு வட்டமாக ஓடுவதால் தப்பிக்க வழியே இல்லை. இடம் தாராளமான வண்டியில் இதை ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடலாம். இடுக்கில் மாட்டிய பிறகு அங்கே கண்ணாடிகூட நுழையாது.

அடைபட்டதைக் கண்டுபிடிக்க ஒரு நிச்சயமான சோதனை உண்டு. பைலட் காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஏர் ஸ்க்ரூ ஃபில்டர் பக்கம் இருக்கும் கார்புரேட்டர் என்றால், இன்ஜின் சூடானதும் ஐடிலிங்கில் அதை மெல்ல வெளியே திருகுங்கள். ஒன்றரைச் சுற்றிலிருந்து மூன்று சுற்று வரை போயும் ஆர்பிஎம் அசையவே இல்லையா? ஸ்க்ரூவுக்கு வர வேண்டிய காற்றே வரவில்லை. ஃபில்டரைக் கழற்றியதும் அதே ஸ்க்ரூ திடீரென்று வேலை செய்தால் சந்தேகமே வேண்டாம். இரண்டாவது ஓட்டையும் அடைபட்டிருந்தால் ஆர்பிஎம் ஏற ஏற மிக்சர் ரிச் ஆகிக்கொண்டே (பெட்ரோல் கூடிக்கொண்டே) போகும், பிளக் கரி பிடிக்கும். பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்: மெயின் ஜெட்டைக் குறைப்பார்கள், ஸ்லைடில் தொங்கும் ஊசியை ஒரு பள்ளம் இறக்குவார்கள், வண்டி ஓரளவு ஓடும். பிறகு ஒரு நாள் கழுத்து கொஞ்சம் நகர்ந்து ஓட்டை திறக்கும். அன்றைக்கு லீன் ஆகி (பெட்ரோல் குறைந்து) இன்ஜின் கொதிக்கும்.

தீர்வு, உதட்டில் ஒரு வெட்டு. வளைந்த கழுத்து என்பதால் அது எந்தக் கோணத்தில் நிற்கும் என்பதைச் சேஸிதான் முடிவு செய்கிறது. அதனால் முதலில் ஃபில்டரைச் சும்மா மாட்டி, உரசாத கோணத்தைக் கண்டுபிடித்து, கழுத்துக்கும் கார்புரேட்டருக்கும் குறுக்காக வெள்ளை பெயின்ட்டால் ஒரு கோடு போடுங்கள். கழற்றி, இரண்டு ஓட்டைகளின் ஓரத்திலும் கிரீஸ் ஒரு பொட்டு வைத்து, கோட்டுக்குக் கோடு பொருத்தி மறுபடி தள்ளி இழுத்தால் உதட்டில் இரண்டு கறை பதிந்திருக்கும். அந்த இடத்தில் புது பிளேடால் 10 அல்லது 12 மி.மீ. அகலத்துக்கு உதட்டை மட்டும் சீவி எடுங்கள், கழுத்துச் சுவரைத் தொடாமல். வெட்டிய தூளைக் கழுவி, ஃபில்டரைக் கவிழ்த்துத் தட்டிய பிறகுதான் மாட்ட வேண்டும்; ஒரு ரப்பர் துணுக்கு, ஆக்சிலரேட்டரோடு ஏறி இறங்கும் ஸ்லைடுக்குக் கீழே போய் உட்கார்ந்தால் ஆக்சிலரேட்டர் முழுசாக மூடாது. உதடு தொடாதபடி ஃபில்டரை மூன்று மி.மீ. வெளியே இழுத்து வைத்தால் போதாதா என்று கேட்கலாம். வாயே ஒரு சென்டிமீட்டர் நீளம்தான். மூன்றை விட்டால் கிளாம்ப் மேட்டின் மேலேயே உட்காரும், சாலையின் முதல் பள்ளத்தில் ஃபில்டர் கழன்று தொங்கும்.

மாட்டும் வரிசையும் முக்கியம். கார்புரேட்டரை மேனிஃபோல்டில் (இன்ஜினோடு இணைக்கும் குழாயில்) இறுக்கிவிட்டு ஃபில்டரைத் திணிக்கப் பார்த்தால் கழுத்து கோணலாக ஏறும். மேனிஃபோல்டு கிளாம்பைத் தளர்த்தி, மேல் மூடியையும் ஸ்லைடையும் கேபிளோடு உருவி ஓரமாகக் கட்டிவிட்டு, கார்புரேட்டரைப் பக்கவாட்டில் திருப்பி ஃபில்டரை ஏற்றி, இரண்டையும் ஒன்றாகத் திருப்பி நிமிர்த்துவதுதான் வழி. வழுக்கி ஏற சோப்புத் தண்ணீர் போதும், காய்ந்ததும் பிடித்துக்கொள்ளும். கிரீஸ் தடவினால் இன்று சுலபம், அடுத்த வாரம் ஃபில்டர் சாலையில். கிளாம்பில் அறுகோணத் தலை இருப்பதாக வாங்குங்கள்; சின்ன சாக்கெட்டில் வளையும் தண்டு போட்டால், ஸ்க்ரூட்ரைவர் நேராக நுழையாத இடத்திலும் இறுக்கலாம். ரப்பர் கிளாம்பின் கீற்றுகள் வழியாகப் பிதுங்க ஆரம்பித்தால் அதிகமாகிவிட்டது.

இடம் கிடைக்கவில்லை என்று கார்புரேட்டரையே சாய்த்து வைப்பவர்கள் உண்டு. பெட்ரோல் தேங்கும் அதன் அடிக் கிண்ணம் செங்குத்தாக நிற்க வேண்டும். நன்றாகச் சாய்ந்தால் ஃப்ளோட் (மிதவை) மட்டம் தப்பி ஓவர்ஃப்ளோ குழாயில் பெட்ரோல் சொட்டும். கிண்ணத்துக்குக் காற்று விடும் வென்ட் குழாய்கள் ஃபில்டருக்கும் சேஸிக்கும் நடுவில் நசுங்காமல் பார்க்கவும். ஏர் பாக்ஸுக்குப் போய்க்கொண்டிருந்த கிராங்க்கேஸ் பிரீதர் குழாயை (இன்ஜின் உள்ளே சேரும் காற்றை வெளியே விடுவது) போல்ட் வைத்து அடைக்கவே கூடாது, ஆயில் சீல் கசியும். அதற்கு ஒரு குட்டி ஃபில்டர் தனியாக. ஏர் பாக்ஸ் போன பிறகு காற்று கூடுவதால் மெயின் ஜெட் பெரும்பாலும் இரண்டு மூன்று படி ஏறும். ஆனால் உதட்டை வெட்டும் முன் ஜெட்டைத் தொடாதீர்கள், இரண்டு முறை வேலை.

பாராட்டையும் சொல்லிவிட வேண்டும். எதிர்பார்க்காத சந்தோஷம் பராமரிப்பில் கிடைத்தது. சைடு பேனலைக் கழற்றினால் ஃபில்டர் கையில். ஏர் பாக்ஸோடு மல்லுக்கட்டும் வேலை இல்லாததால் ஜெட் மாற்றுவதும் பாதி நேரம்தான். நுரையைப் பாத்திரம் கழுவும் திரவத்தில் அலசி, முறுக்காமல் அமுக்கிப் பிழிந்து, நிழலில் காயவைத்து, ஃபில்டர் ஆயில் தடவிப் பிசைந்தால் முடிந்தது. இன்ஜின் ஆயில் தடவினால் இரண்டு நாளில் வடிந்து அடியில் தேங்கிவிடும். பெட்ரோலில் கழுவாதீர்கள், மூடியை ஒட்டிய பசை விடும். மாட்டும் முன் கார்புரேட்டர் வாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் மணல் நிறம் வந்தால் கழுத்து எங்கோ விட்டிருக்கிறது.

அப்படி விடுவதற்குப் பெட்ரோலும் காரணம். வாயிலிருந்து பின்னோக்கித் தெறிக்கும் பெட்ரோல் ஆவியில் மலிவு ரப்பர் ஊறி, மாதங்களில் உப்பி வழவழப்பாகிறது. சாதாரண சிலிகான் எல்போவும் இதற்கு விலக்கில்லை. ஊறிய கழுத்து அதிர்வில் மெல்லத் திரும்பும், வெட்டிய இடம் ஓட்டையை விட்டு விலகும், ஐடிலிங் மறுபடி மக்கர். முன்பு போட்ட வெள்ளைக் கோடு உடைந்து இரண்டாக நிற்பதைப் பார்த்தாலே தெரியும். நிமிர்த்தி இறுக்குகிறோம், சில வாரத்தில் மீண்டும் அதே கதை. பெட்ரோலைத் தாங்கும் நல்ல நைட்ரைல் ரப்பர் கழுத்து வந்தால் இது பெருமளவு குறையும்.

வடிகட்டலுக்கும் பிக்கப்புக்கும் பராமரிப்புக்கும் தாராளமாக மதிப்பெண் போடலாம். இருந்தும் கேட்ட நண்பருக்குப் பதில்: வாங்காதீர்கள். பழைய ஏர் பாக்ஸ் ரப்பரைப் புது வாய்க்குப் பொருத்தும் அடாப்டர் கிடைத்தால் அதுதான் நிம்மதி. பாட்தான் வேண்டும் என்றால், உதடில்லாத கழுத்து கிடைக்கும்வரை புதுக் கார்புரேட்டர் கழன்று மறுபடி அட்டைப்பெட்டியில் தூங்கட்டும்.