கோண்டுவானா மரப்புதிர்: துண்டுகள் அருமை, கையேடு சரியில்லை

இன்று பிரிந்து கிடக்கும் தெற்குக் கண்டங்களும் இந்தியாவும் முன்பு ஒன்றாகச் சேர்ந்திருந்த பெருங்கண்டம்தான் கோண்டுவானா. அதைச் சேர்த்துப் பார்க்கும் இந்த மரப்புதிரைக் கொடைக்கானல் ஏழுரோடு பக்கம் ஒரு பொம்மைக் கடையில் 850 ரூபாய்க்கு வாங்கினேன். தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, இந்தியா, ஆஸ்திரேலியா, அண்டார்டிகா என ஐந்து துண்டுகள். கனமான பிளைவுட், ஓரங்களை நன்றாகத் தேய்த்திருக்கிறார்கள், சிராய் குத்தவில்லை. பண்ணைக்காட்டில் மாலையில் என்னிடம் அறிவியல் படிக்க வரும் பிள்ளைகள் கைமாற்றி கைமாற்றி விளையாடியும் வண்ணம் உரியவில்லை.

விளிம்புகள் பொருந்துவதைப் பார்த்தே பலர் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். அது தற்செயல்தானே என்று ஒருவர் கேட்டால் பதில் சொல்ல முடியாது. கண்டங்கள் மெல்ல நகர்கின்றன என்ற கண்டப்பெயர்ச்சிக் கருத்தை 1912இல் முன்வைத்த ஜெர்மன் அறிவியலாளர் ஆல்ஃபிரட் வெகனருக்கு இது தெரியும். கிழிந்த செய்தித்தாளை ஒட்டும்போது ஓரம் சேர்ந்தால் போதாது, அச்சு வரிகளும் தொடர்ந்து ஓட வேண்டும் என்று அவர் விளக்கினார். இந்தப் புதிரில் வரிகள் ஓடுகின்றன. அதற்காகவே இதை வாங்கலாம்.

ஐந்து துண்டுகளிலும் குளோசாப்டெரிஸ் என்ற அழிந்துபோன விதைத் தாவரத்தின் இலையை அச்சிட்டிருக்கிறார்கள்; அதன் புதைபடிவங்கள் இந்த ஐந்து இடங்களிலும் கிடைக்கின்றன. நடுநரம்பும் அதிலிருந்து இருபுறமும் விரியும் வலைப்பின்னலும் லென்ஸ் வைத்துப் பார்க்கும் அளவுக்குத் தெளிவு. தென்துருவத்திலிருந்து திரும்பும் வழியில் 1912இல் உயிரிழந்த பிரிட்டிஷ் ஆய்வுப்பயணி ஸ்காட்டின் குழுவினர் கடைசிவரை கைவிடாமல் இழுத்துவந்த சுமார் 16 கிலோ பாறைகளில் இந்த இலையின் புதைபடிவமும் இருந்தது. அதைச் சொன்னபோது பிள்ளைகள் அண்டார்டிகா துண்டைக் கீழே வைக்கவே இல்லை.

பிறகு ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: "விதை காற்றில் பறந்து போயிருக்கக் கூடாதா டீச்சர்?" நல்ல கேள்வி. பதிலும் புதிரிலேயே இருக்கிறது. பழைய பனிப்பாறைகள் தரையைக் கீறிச் சென்ற திசையை நீல அம்புகளால் காட்டியிருக்கிறார்கள். பிரேசிலில் அந்தப் பனி, இன்று அட்லாண்டிக் கடல் இருக்கும் பக்கத்திலிருந்து நிலத்துக்குள் வந்திருக்கிறது. விதை பறக்கலாம், பனிப்பாறை கடலிலிருந்து கரையேறுமா? ஆப்பிரிக்காவைப் பக்கத்தில் சேர்த்து வைத்ததும் அம்புகள் ஒரே நிலத்தின் மேல் ஓடின. ஒடிசாவின் தால்சேரில் கிடைத்த பனிப்பாறைப் படிவுகளும் இந்தியத் துண்டில் இருக்கின்றன. வெயில் கொளுத்தும் ஒடிசாவில் பனிப்பாறையா என்று பிள்ளைகள் வாய்பிளந்தார்கள்.

குறைகளுக்கு வருகிறேன். துண்டுகளை இன்றைய கடற்கரை ஓரமாகவே அறுத்திருக்கிறார்கள். கண்டத்தின் உண்மையான விளிம்பு கடலுக்கடியில் இருக்கிறது. 1965இல் எட்வர்ட் புல்லார்டும் குழுவினரும் சுமார் 900 மீட்டர் ஆழக் கோட்டை எடுத்துக்கொண்டு கணினியில் பொருத்தியபோது அட்லாண்டிக்கின் இரு கரைகளும் மிக நெருக்கமாகச் சேர்ந்தன. இங்கே விரல் நுழையும் இடைவெளி விழுகிறது.

அதைவிட எனக்கு வருத்தம் மடகாஸ்கர். அதை ஆப்பிரிக்காவோடு ஒட்டியே வைத்துவிட்டார்கள். சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை அது இந்தியாவின் மேற்குக் கரையோடு சேர்ந்திருந்தது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் உடைத்த சார்னகைட் பாறையைப் பிள்ளைகளிடம் கொடுத்தேன்: புதிதாக உடைந்த முகம் பச்சை கலந்த சாம்பல் நிறம், எண்ணெய் தடவியதுபோல் மினுமினுப்பு. பழனி மலைப் பாறைகள் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் மாறியவை. இலங்கை, தெற்கு மடகாஸ்கர், கிழக்கு அண்டார்டிகாவின் சில பகுதிகள் ஆகியவற்றுக்கும் அதே காலம்தான். பாறை வகை ஒத்திருப்பதைவிட வயது ஒத்திருப்பது வலுவான சாட்சி. பெட்டியில் இதைப்பற்றி ஒரு வரிகூட இல்லை. நாங்களே ஸ்கெட்ச் பேனாவால் குறித்துக்கொண்டோம்.

கையேட்டைப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். கண்டங்கள் படகுபோல் தண்ணீரில் மிதப்பதாகப் படம் போட்டிருக்கிறார்கள். கண்டத்தோடு கடல்தளமும் சேர்ந்துதான், தட்டு எனப்படும் ஒரே பெரிய பாறைப் பலகையாக நகர்கிறது. வெகனர் சொன்னதும் உலகம் ஏற்றுக்கொண்டதாக எழுதியிருப்பதும் தவறு. எந்த விசை கண்டங்களை நகர்த்துகிறது என்பதை அவரால் காட்ட முடியவில்லை. 1930இல் கிரீன்லாந்துப் பனியில் இறந்துபோனார். கடல்தளப் பாறைகளில் காந்தத் திசை மாறி மாறிப் பதிந்திருக்கும் பட்டைகளுக்கு, கடல்தளம் விரிவதே காரணம் என்று 1963இல் புவியியலாளர்கள் வைனும் மேத்யூஸும் விளக்கம் தந்த பிறகே எதிர்ப்பு தளர்ந்தது. இன்று ஜிபிஎஸ் கருவிகளே நகர்வை அளக்கின்றன: இந்தியா ஆண்டுக்கு சுமார் 5 சென்டிமீட்டர் வடகிழக்காகப் போகிறது. ஆறாம் வகுப்பில் சேரும் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு முடிப்பதற்குள் பண்ணைக்காடு ஓர் அடிக்கு மேல் நகர்ந்திருக்கும்.

பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு, பக்கத்தில் விளக்கிச் சொல்ல ஒருவர் இருந்தால், தாராளமாக வாங்குங்கள். மடகாஸ்கரைத் தனியே அறுத்து, கையேட்டைத் திருத்தி அடுத்த பதிப்பு வந்தால் எங்கள் ஊர்ப் பள்ளிக்கும் ஒன்று வாங்கிக் கொடுப்பேன்.