பன்றிக்குட்டி பன்னா, தள்ளுவண்டிக் கூடையா? ஹாங்காங்கில் இரண்டு டிம் சம்

ஹாங்காங்கில் அம்மா, பிள்ளைகள் என்று ஐந்து பேர் இரண்டு இடங்களில் டிம் சம் சாப்பிட்டோம். கொழுக்கட்டை, பன் என்று சின்னச் சின்னதாக வரும் சீனச் சிற்றுண்டிதான் டிம் சம். ஒன்று சிம் ஷா சுயில் இருக்கும் நவீனக் கடை. பன்னுக்குப் பன்றிக்குட்டி மாதிரி கண், மூக்கு, காது எல்லாம் வைத்துத் தருவார்கள். இன்னொன்று சென்ட்ரலில், சிட்டி ஹால் கட்டடத்தில் இருக்கும் மாக்சிம்ஸ் பேலஸ். அங்கே மூங்கில் கூடைகள் தள்ளுவண்டியில் மேசை மேசையாக வருகின்றன.

பிள்ளைகளுக்கு முதல் கடைதான். சிரிக்கும் முகமுள்ள கஸ்டர்ட் பன்னில், வாய் இருக்கும் இடத்தில் குச்சியால் துளை போட்டு அமுக்கினால், உப்பிட்ட முட்டைக் கருவும் வெண்ணெயும் சர்க்கரையும் கலந்த பூரணம் பொன் நிறத்தில் வழிகிறது. பிள்ளைகள் கத்திய கத்தலில் பக்கத்து மேசைக்காரர்களும் சிரித்துவிட்டார்கள். அசைவம் தொடாத அம்மாவுக்கும் அங்கேதான் வசதி. மெனுவில் படம் பார்த்துக் காளான் கொழுக்கட்டையைத் தேர்ந்தெடுக்க முடிந்தது. முள்ளங்கி கேக் என்று பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது, அதில்கூடப் பெரும்பாலும் உலர்ந்த இறாலும் சீன சாசேஜும் சேர்ப்பார்கள்.

ஆனால் டிம் சம் ஆவியோடு சாப்பிட வேண்டிய பண்டம். ஆளுக்கொரு படம் எடுத்து முடிப்பதற்குள் பூரணம் இறுகிவிடுகிறது.

நான் எங்கே போனாலும் முதலில் பார்ப்பது ஹார் காவ் என்கிற இறால் கொழுக்கட்டையை. நம் கொழுக்கட்டைக்கு அரிசி மாவில் கொதிநீர் ஊற்றிக் கிளறுவது போலவே, இதற்குக் கோதுமை ஸ்டார்ச்சைக் கொதிநீரில் பிசைகிறார்கள். வெந்ததும் தோல் கண்ணாடி மாதிரி ஆகி, உள்ளே இறாலின் இளஞ்சிவப்பு தெரியும். மடிப்பு ஏழாவது இருக்க வேண்டும், பத்துக்கு மேல் என்றால் கைத்திறன். குச்சியால் எடுக்கும்போது கிழியக் கூடாது, வாயில் ஒட்டவும் கூடாது. இந்தப் பரீட்சையில் எனக்குத் தள்ளுவண்டிதான் ஜெயித்தது. மூடியைத் திறந்ததும் ஆவி முகத்தில் அடிக்க, ஒன்றை அப்படியே வாயில் போட்டுக்கொண்டேன். அந்தச் சுவைக்கு முகம் வரைய அவசியமே இல்லை.

அங்கே அட்டையில் முத்திரை குத்திக் கணக்கு வைக்கிறார்கள். ஜன்னல் பக்கம் விக்டோரியா துறைமுகம். தேநீர்க் குடுவை காலியானால் மூடியைச் சற்றுத் திறந்து வைத்தால் போதும், வெந்நீர் வந்துவிடும். யாராவது நமக்குத் தேநீர் ஊற்றினால் விரலால் மேசையை மெல்லத் தட்டி நன்றி சொல்ல வேண்டும். அம்மா இதை உடனே பழகிக்கொண்டு, நான் ஊற்றும்போதும் தட்டினார்.

2009இல் மாங்காக் பகுதியில் தொடங்கி, நல்ல உணவகங்களுக்குத் தரும் மிஷலின் நட்சத்திரம் வாங்கிய டிம் ஹோ வான் கடையும் பட்டியலில் இருந்தது. பன்றி இறைச்சி வைத்து ஓவனில் சுட்ட பன்னுக்குப் பேர்போன கடை. ஆனால் அம்மாவை வரிசையில் நிற்க வைக்க மனம் வரவில்லை, விட்டுவிட்டோம்.

சரி, ஒரு வேளைதான் இருக்கிறது என்றால்? பத்து வயதுக்குள் பிள்ளைகள் இருந்தால் நவீனக் கடை, ஆளுக்கு ஒரு முக பன் போதும். மற்றவர்களுக்குத் தள்ளுவண்டி. சமையலறைக் கதவுக்கு அருகே மேசை கேளுங்கள், வண்டிகள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.