"ஒரிஜினல் ஜப்பான் பீஸ் சார்": 62,000 ரூபாய் ஸ்கோப்பின் உள்ளே இருந்தது என்ன?

ஏர் ரைஃபிளுக்கு ஸ்கோப் (குறி பார்க்கும் தொலைநோக்கி) தேடுகிறவர்கள் கவனத்துக்கு. சென்னை வாட்ஸ்அப் குழுக்களில் 4-16×50 ஸ்கோப் ஒன்று, அதாவது 4 முதல் 16 மடங்கு பெரிதாக்கும், 50 எம்.எம். முன் லென்ஸ் கொண்டது, விலைக்குச் சுற்றுகிறது. ஜப்பான் கண்ணாடி, எஃப்.எஃப்.பி. (ஃபர்ஸ்ட் ஃபோக்கல் பிளேன்), 0.1 மில் க்ளிக் (1 மில் என்பது 1000 மீட்டரில் 1 மீட்டர் நகரும் கோணம்), ரைஃபிளில் பிடிக்கும் ரிங்கில் ஒருமுறைகூட மாட்டாதது என்று சொல்லி 62,000 ரூபாய் கேட்டார்கள். பில் கிடையாது. அம்பத்தூர்க்காரர் ஒருவர் முழுப் பணத்தையும் ஜி-பேயில் போட்டு வாங்கினார். பெட்டி, துடைக்கும் துணி, கேரண்டி அட்டை எல்லாம் கச்சிதமாக வந்தன. பழுதெல்லாம் ஸ்கோப்பில்தான்.

முதல் பொய் அரை நிமிடத்தில் தெரிந்துவிட்டது. எஃப்.எஃப்.பி. என்றால் ஜூம் வளையத்தைத் திருப்பும்போது படத்தோடு சேர்ந்து ரெட்டிகிளும் (உள்ளே தெரியும் குறிக்கோடுகள்) பெரிதாகிச் சிறிதாக வேண்டும். இதில் 4-லிருந்து 16 வரை திருப்பியும் ரெட்டிகிள் அப்படியே நின்றது. அதாவது எஸ்.எஃப்.பி. (செகண்ட் ஃபோக்கல் பிளேன்). அதுவே குற்றமில்லை, நல்ல எஸ்.எஃப்.பி. ஸ்கோப்புகள் எத்தனையோ உண்டு. ஆனால் அவற்றின் கோடுகள் ஒரே ஒரு ஜூமில்தான், பெரும்பாலும் உச்சத்தில், சரியான அளவு காட்டும். 16-ல் 1 மில் காட்டும் இடைவெளி 8-ல் 2 மில்லை மூடிவிடும். எஃப்.எஃப்.பி. என்று நம்பி 8-ல் வைத்துக் கணக்குப் போட்டால் குண்டு எங்கே போகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது 50 எம்.எம். கதை. ஜூமை உச்சத்தில் வைத்து, கண் வைக்கும் பக்கம் போன் டார்ச்சை அடித்தால் முன் லென்ஸில் ஒரு வெளிச்ச வட்டம் விழும். அதன் விட்டம்தான் ஸ்கோப் உண்மையில் பயன்படுத்தும் லென்ஸ் அளவு. இதில் ஸ்கேல் வைத்தபோது 38 எம்.எம். உள்ளே ஒரு தடுப்பு வளையத்தைப் போட்டு ஓரத்து மங்கலை மறைத்திருக்கிறார்கள். வாங்கியவர் காசு கொடுத்தது 50-க்கு. (கண்ணாடி ஜப்பானா இல்லையா என்பதைப் பார்த்தே சொல்லிவிட முடியாது. அதனால்தான் விற்பவர்கள் அதையே பிடித்துக்கொள்கிறார்கள்.)

பெரிய மோசம் டர்ரெட்டில், அதாவது குறியை நகர்த்தும் திருகில். இதைச் சோதிக்கச் சுட வேண்டிய அவசியமே இல்லை. ஸ்கோப்பை வைஸில் ரப்பர் வைத்து அசையாமல் பிடித்து, சரியாக 25 மீட்டரில் சுவரில் ஒரு ஸ்டீல் டேப்பைச் செங்குத்தாக ஒட்டுங்கள். அந்தத் தூரத்தில் 0.1 மில் க்ளிக் ஒன்று குறியை 2.5 மில்லிமீட்டர் நகர்த்த வேண்டும். 60 க்ளிக்குக்கு 150 மில்லிமீட்டர். இது நகர்ந்தது 138. அதைவிட மோசம், 60 க்ளிக் திருப்பி இறக்கியபோது பழைய இடத்துக்கு வரவில்லை, 4 மில்லிமீட்டர் தள்ளி நின்றது. டர்ரெட்டில் விரலால் இரண்டு தட்டு தட்டியதும் சட்டென்று குதித்தது. உள்குழாயை எதிர்ப்பக்கத்திலிருந்து அழுத்தும் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் இப்படித்தான் செய்யும். ஒரே சீராகக் குறையும் பிழையைக் கணக்கில் சரிக்கட்டலாம், திரும்பி வராத டர்ரெட்டை ஒன்றும் செய்ய முடியாது.

விற்றவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்: "சார், ஒரிஜினல் ஜப்பான் பீஸ் சார், உங்க ரைஃபிள்தான் ஸ்பிரிங், அது அடிச்ச அடியில போயிருக்கும்." பாதி உண்மையைப் பிடித்துக்கொண்டு தப்பிக்கும் வழி இது. ஸ்பிரிங் ரைஃபிள் முதலில் பின்னால் உதைக்கும், பிஸ்டன் முட்டியதும் முன்னால் இழுக்கும். பின்னுதையை மட்டும் தாங்கும்படி செய்த ஸ்கோப்பில் லென்ஸ் கழலும், ரெட்டிகிள் சாயும். ஆனால் இந்த ஸ்கோப் வாங்கியவர் ரைஃபிளில் ஏறவே இல்லை. ஏறாததற்குக் காரணம், 30 எம்.எம். குழாயின் அடியில் ஏற்கெனவே இருந்த ரிங் தழும்பு. யாரோ அளவு பார்க்காமல் முறுக்கி, குழாயையே நசுக்கியிருக்கிறார்கள்.

பேரலாக்ஸ் சக்கரத்தில் (இலக்கின் தூரத்துக்கு ஏற்பச் சரிசெய்வது) 10 மீட்டர் என்று அச்சிட்டிருந்தும் 25-க்குக் கீழே படம் தெளியவில்லை. ஏர் ரைஃபிள்காரர்கள் இதை அலட்சியப்படுத்தக் கூடாது. 100 மீட்டருக்குப் பூட்டிய 40 எம்.எம். ஸ்கோப்பில் 25 மீட்டர் இலக்கைப் பார்த்தால், கண் ஓரத்துக்குப் போகும்போது குறி 15 மில்லிமீட்டர் வரை விலகும்.

நம்ம ஊர் ஈரத்துக்கு இன்னொரு சோதனை. ஏ.சி. அறையில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு மொட்டை மாடிக்குக் கொண்டுபோங்கள். வெளிக்கண்ணாடி வியர்ப்பது சகஜம். துடைத்த பிறகும் மூட்டம் நின்றால், ஈரம் வராமல் உள்ளே அடைத்த வாயு போய்விட்டது, அடுத்த மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும்.

சீரியல் எண்ணைத் தயாரிப்பாளருக்கு அனுப்பிப் பதில் வரும்வரை ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். பணம் போய்விட்டால் அன்றே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடியுங்கள். கடை பில்லோடு வாங்கியதென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.

அம்பத்தூர்க்காரருக்கு 9,000 பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பினார்கள். அதே ஸ்கோப் இப்போது 48,000-க்கு மறுபடி விலைக்கு வந்திருக்கிறது. போட்டோவில் குழாயின் அடிப்பக்கத்தை மட்டும் காட்டமாட்டார்கள். கேட்டு வாங்கிப் பாருங்கள்.