எலிப் பெட்டிக்கு ராஸ்பெர்ரி பை: சில வருடம் ஓட்டிப் பார்த்ததில்

எங்கள் ஆய்வகத்தில் எலிகளுக்கான ஸ்கின்னர் பெட்டிகளை ராஸ்பெர்ரி பையும் (கையளவுக் கணினி) அர்டுயினோவும் (சென்சார், வால்வு போன்றவற்றை இயக்கும் சின்ன மின்பலகை) வைத்துத்தான் சில வருடங்களாக ஓட்டுகிறோம். எலி நெம்புகோலை அழுத்தினால் வால்வு திறந்து ஒரு சொட்டுச் சர்க்கரைத் தண்ணீர் விழ வேண்டும், எப்போது அழுத்தியது என்பது பதிவாக வேண்டும், அடிப்படை வேலை இவ்வளவுதான். இதற்கு ஆயத்தமாக விற்கும் சாதனங்கள் நன்றாக இருக்கின்றன, ஆனால் நாலைந்து பெட்டி வேண்டுமென்றால் கையைக் கடிக்கும். 2012இல் முதல் பை வந்தபோது விலை 35 டாலர்.

ஆனால் பை மட்டும் போதாது, இதை அழுத்திச் சொல்கிறேன். அதில் ஓடுவது லினக்ஸ். நம் நிரலை நடுவில் நிறுத்திவிட்டு வேறு வேலை பார்க்கப் போகும், எத்தனை மில்லிசெகண்ட் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. சத்தம் கேட்டதும் எலி எவ்வளவு சீக்கிரம் மூக்கை நீட்டுகிறது என்று அளக்கும்போது, தாமதம் எலியுடையதா கணினியுடையதா என்று அப்புறம் பிரிக்கவே முடியாது. அர்டுயினோவின் ஊனோ ஆர்3 மாடலில் இயங்குதளமே இல்லை, 16 மெகாஹெர்ட்ஸ் சில்லு நாம் எழுதியதை மட்டும் ஓட்டும். அதனால் நேரம் அளப்பதும் வால்வு திறப்பதும் அதன் பொறுப்பு, வீடியோவும் கோப்பும் நெட்வொர்க்கும் பையின் பொறுப்பு. இரண்டையும் யூஎஸ்பி கேபிளில் இணையுங்கள். பையின் இணைப்புப் பின்கள் 3.3 வோல்ட்டுக்கானவை, ஊனோவின் 5 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் போய்விடும். ஊனோவின் மைக்ரோசெகண்ட் கணக்கு சுமார் 70 நிமிடத்தில் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும், நீண்ட சோதனைக்கு நிரலில் அதையும் கவனிக்க வேண்டும்.

வால்வுக்கு மாஸ்ஃபெட் (மின்சாரத்தைத் திறந்து மூடும் சில்லு) வேண்டும், வால்வுக்குள் இருக்கும் கம்பிச்சுருளான காயிலுக்குக் குறுக்கே டையோடு (ஒரு திசையில் மட்டும் மின்சாரத்தை விடும் பாகம்) கட்டாயம். அணைக்கும்போது காயில் கிளப்பும் மின்னழுத்தம் மாஸ்ஃபெட்டையே கொன்றுவிடும், சில நேரம் அர்டுயினோவும் ரீசெட் ஆகும்.

மின்வெட்டுதான் பெரிய எதிரி. திடீரென்று கரண்ட் போனால் பையின் மெமரி கார்டில் கோப்புகள் சிதையலாம். பை 5க்கு முந்தைய மாடல்களில் கடிகாரச் சில்லும் கிடையாது, இணையம் இல்லாமல் எழுந்தால் தப்பான நேரத்தில் பதிவுகள் விழும். சின்ன யூபிஎஸ்ஸும் கடிகார மாட்யூலும் முதல் நாளே வாங்கிவிடுங்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது நோஐஆர் கேமரா, அதாவது அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி இல்லாத பை கேமரா. எலி இரவு விலங்கு, விளக்கைப் போட்டால் ஒடுங்கிவிடும். அகச்சிவப்பு ஒளியில் முழு இருட்டிலும் படம் கிடைக்கிறது.

அப்புறம் வாராவாரம் அளவு பாருங்கள். வால்வை 100 முறை திறந்து விழுந்த தண்ணீரை எடை போட்டால் போதும், ஒரு கிராம் சுமார் ஒரு மில்லி. சர்க்கரை பிடித்துக்கொண்ட வால்வு குறைவாகத்தான் கொடுக்கும், அந்தப் பெட்டியில் இருக்கும் எலி மந்தமாகத் தெரியும்.