உயரம் குறைக்கும் அட்டைப்பெட்டி: பிரம்புக் கூடை அனுப்புகிறவளின் மதிப்பீடு

நான் இணையத்தில் விற்கும் பிரம்புப் பழக்கூடை முக்கால் கிலோகூட இருக்காது. அதையே உள்ளளவு 30 செ.மீ. உள்ள கனசதுரப் பெட்டியில் வைத்து அனுப்பினால் கூரியர் சீட்டில் ஆறரை கிலோ என்று விழும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் கிடைப்பது வால்யூமெட்ரிக் எடை. அதுவும் தராசு காட்டும் எடையும் எதிரெதிரே வைக்கப்படும்; எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். டிஎச்எல் போன்ற எக்ஸ்பிரஸ் நிறுவனங்கள் பயன்படுத்தும் வகுஎண் இந்த 5000. விமானச் சரக்கில் வழக்கமாக 6000. கூடை விற்பவர்கள் பணம் கட்டுவது பெரும்பாலும் பெட்டிக்குள் இருக்கும் காற்றுக்கு.

அதனால்தான் சுவரில் மடிப்புக்கோடுகள் போட்ட இந்தப் பெட்டியை வாங்கினேன். மூன்றடுக்கு நெளி அட்டை, உள்ளளவு 30×30×30. அடியிலிருந்து 25, 20, 15, 10 செ.மீ. உயரங்களில் கோடுகள் உண்டு. நான்கு மூலைகளையும் வேண்டிய கோடுவரை கத்தியால் கீறி, அந்த இடத்தில் மடித்தால் பெட்டி குட்டையாகிவிடும்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம், இந்தப் பெட்டியின் பெருமை அதில்தான் இருக்கிறது. விற்பவர்கள் சொல்வது உள்ளளவு. கூரியர் அளப்பது வெளியளவு. அட்டையின் கனம் 3 மி.மீ. என்பதால் நீளமும் அகலமும் 30.6 ஆகின்றன. உயரத்தில் மேலே இரண்டு அடுக்கு மடல் (மடித்து மூடும் அட்டைப் பகுதி), கீழே இரண்டு அடுக்கு மடல் சேர்ந்து 31.2 வரும். பின்னத்தை அடுத்த முழு எண்ணுக்கு ஏற்றினால் 31×31×32. வகுத்தால் 6.15, அரைக் கிலோப் படியில் மேலேற்றினால் 6.5. அதே பெட்டியை 20 செ.மீ. கோட்டில் மடித்தால் 31×31×22. வகுத்தால் 4.23, படியில் 4.5. கத்தி வேலை ஒரு நிமிடம். கட்டணத்தில் இரண்டு கிலோ குறைகிறது. என் கூடையின் உயரம் 18 செ.மீ., அடியிலும் மேலும் மெத்தைக் காகிதம் வைக்க அந்த 20 சரியாகப் போதும்.

வெளிநாட்டுக்கு அஞ்சலில் அனுப்புகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய ஆதாயம் இருக்கிறது. உலக அஞ்சல் ஒன்றியத்தின் விதிப்படி சிறு பொதியின் மூன்று பக்கங்களும் சேர்ந்து 90 செ.மீ.யைத் தாண்டக் கூடாது. எந்தப் பக்கமும் 60-ஐத் தாண்டக் கூடாது. எடை 2 கிலோவுக்குள் இருக்க வேண்டும். குறைக்காத பெட்டியின் கூட்டுத்தொகை 94, குறைத்தது 84. கூடை கனமில்லாதது என்ற நல்ல குணம் அங்கேதான் நமக்குப் பயன்படுகிறது, ஏனென்றால் சிறு பொதிக்குப் பெரும்பாலும் தராசு எடையைத்தான் பார்க்கிறார்கள்.

இனி குறைகள். மூலைகளில் ஒன்று பசை போட்டு ஒட்டிய மூலை. அங்கே அட்டை இரட்டையாக இருப்பதால் மெல்லிய கத்தி திணறுகிறது, கனமான அலகு வேண்டும். உயரத்தைக் குறைக்கக் குறைக்க மடல் நீள்கிறது: 20 செ.மீ. கோட்டில் 25 ஆகி ஒன்றன்மேல் ஒன்று படிகிறது. மேலே இரண்டு அடுக்கு கூடினாலும் உயரம் 22-க்குள் நிற்கிறது, மூடியும் உறுதியாகிறது. ஆனால் 10 செ.மீ. கோட்டுக்கு இறக்கினால் மடல் 35. பெட்டியின் அகலமே 30. மடலை நறுக்காமல் மூட முடியாது. முழு உயரத்தில் பயன்படுத்தும்போது வேறொரு கவலை: பயன்படாத கோடுகள் சுவரின் பலத்தைக் குறைக்கின்றன, மேலே கனமான பெட்டி ஏறினால் அந்த இடத்தில்தான் மடியும். உயரமான கூடைகளுக்கு நான் கோடில்லாத பெட்டியைத்தான் எடுக்கிறேன்.

மெத்தைக் காகிதத்தை அளவோடு திணிப்பது மிக முக்கியம். மூடி ஒன்றரை செ.மீ. புடைத்தாலும் அளவீட்டுக் கருவி அந்தப் புடைப்பையே உயரமாக எடுத்துக்கொள்ளும். 22 என்பது 24 ஆகும், 4.5 கிலோ 5 ஆகும். ஒட்டிய பிறகு மேலே ஒரு நேர்விளிம்பை வைத்துப் பார்க்காமல் நான் எதையும் அனுப்புவதில்லை. ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் கூடைகளை இணையாக விற்பதும் பெட்டியின் அளவுக்கே கட்டணம் என்பதால்தான். இரண்டாவது கூடை பெட்டியின் அளவை மாற்றுவதில்லை, அதற்கென்று தனிக் கட்டணமும் விழுவதில்லை.

புத்தகமோ பித்தளையோ விற்பவர்களுக்கு இந்தப் பெட்டி தேவையில்லை. 31×31×22 பெட்டிக்குள் நாலேகால் கிலோவுக்கு மேல் சரக்கு இருந்தால் தராசு எடையே மேலோங்கிவிடும். சிறிய பொருள் விற்பவர்களுக்கு அட்டையின் எடையே பகை: 480 கிராம் பொருளை 60 கிராம் பெட்டியில் வைத்தால் அரைக் கிலோப் படியைத் தாண்டிவிடும், உறையில் போட்டால் தாண்டாது.

சாதாரணப் பெட்டியைவிட விலை கூடுதல்தான், ஆனாலும் முதல் சில பார்சல்களிலேயே அந்த வித்தியாசம் ஈடாகிவிடுகிறது. தயாரிப்பாளர்களிடம் ஒன்று கேட்க விரும்புகிறேன்: ஒவ்வொரு கோட்டின் அருகிலும் உள்ளுயரத்தை மட்டும் அச்சிடாமல், மூடிய பிறகு வரும் வெளியுயரத்தையும் அச்சிடுங்கள். இப்போது அதை நானே மார்க்கரால் எழுதிக்கொண்டிருக்கிறேன்.