ஷெனன்டோவாவா, ஸ்மோக்கியா? அப்பலாச்சியன் பாதையில் இருவர் நடக்க ஒரு வாரம்

அமெரிக்காவின் கிழக்குப் பகுதி மலைகளில் ஓடும் அப்பலாச்சியன் நடைபாதையை முழுதாக நடக்க ஐந்தாறு மாதம் வேண்டும். ஜார்ஜியாவில் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி மெய்ன் மாநிலத்தில் கட்டாடின் உச்சி வரை 14 மாநிலங்கள், 2,190 மைலுக்கு மேல். வேலையும் வீட்டுக் கடனும் உள்ளவர்களுக்கு அது ஆகிற காரியம் இல்லை. ஒரு வாரம் லீவு போட்டால் 40, 45 மைல் நடக்கலாம். அப்படிக் கணவன் மனைவியாகப் போக நினைக்கிற நண்பர்கள் எங்களிடம் கேட்பது பெரும்பாலும் இரண்டே இடங்களைப் பற்றித்தான். ஒன்று வர்ஜீனியாவில் உள்ள ஷெனன்டோவா. இன்னொன்று டென்னசி, வட கரோலினா எல்லையில் உள்ள ஸ்மோக்கி மலை. இரண்டுமே தேசியப் பூங்காக்கள், இரண்டிலும் மரங்களில் தீட்டிய அதே வெள்ளைப் பட்டை வழிக்குறியைப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். நானும் என் கணவரும் ஒரு மே மாதம் ஷெனன்டோவாவின் தெற்குப் பாதியை நடந்தோம். அடுத்த ஆண்டு அக்டோபரில் ஸ்மோக்கியின் தெற்குப் பாதி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருவராக முதல் தடவை போகிறவர்களுக்கு ஷெனன்டோவாதான் சரி. மலை என்று பார்த்தால் ஸ்மோக்கிதான் பெரியது. ஆனால் இரண்டு பேருக்கு ஒரே நடை வேகம் கிடையாது. இவர் விறுவிறுவென்று போய் அரை மைல் முன்னால் நிற்பார், நான் ஒவ்வொரு பூவுக்கும் நின்று வருவேன். ஒருவருக்கு முடியாத நாளில் திட்டத்தை மாற்றிக்கொள்ள அந்தப் பாதை இடம் கொடுக்கிறதா என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி. இரண்டு இடமும் பிரிவது அங்கேதான்.

ஷெனன்டோவாவில் மலை முதுகின் மேல் ஸ்கைலைன் டிரைவ் என்ற 105 மைல் சாலை ஓடுகிறது. நடைபாதை அதை அடிக்கடி குறுக்கே கடந்து போகும். காட்டுக்குள் வந்தும் கார் சத்தமா என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். எனக்கும் முதல் நாள் அப்படித்தான் இருந்தது. ராக்ஃபிஷ் கேப்பில் (கேப் என்றால் கணவாய்) தொடங்கி ஸ்விஃப்ட் ரன் கேப் வரை 45 மைல், ஐந்து நாள் என்று திட்டம். முதல் இரவு நடப்பவர்களுக்கான காஃப் மவுன்டன் குடில், இரண்டாவது இரவு பிளாக்ராக் குடில். மூன்றாம் நாள் காலையில் என் வலது குதிகாலில் ஐம்பது காசு அளவுக்குக் கொப்புளம். சாக்ஸைக் கழற்றினால் தோலும் சேர்ந்து வந்தது. லாஃப்ட் மவுன்டன் வரை ஏழு மைலையும் நொண்டிக்கொண்டே நடந்தேன். அங்கே பாதையை ஒட்டியே முகாம் மைதானம் இருக்கிறது. கடை உண்டு, குளிக்க வெந்நீர் உண்டு. ஒரு நாள் முழுக்க வெறும் காலுடன் உட்கார்ந்திருந்தேன். இவர் பக்கத்தில் இருக்கிற சாலையோர உணவகத்துக்குப் போய் அந்தப் பூங்காவில் பேர்போன பிளாக்பெர்ரி மில்க்‌ஷேக் வாங்கி வந்தார். வருவதற்குள் பாதி உருகியிருந்தது. ஐந்து நாள் ஆறு நாளானது, அவ்வளவுதான். யாரிடமும் எதையும் மாற்றிக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அங்கே இரவு தங்கவும் பெர்மிட் கட்டாயம், இணையத்திலேயே எடுத்துவிடலாம். காருக்கு நுழைவுக் கட்டணம் ஏழு நாளுக்கு 30 டாலர். ஆனால் இன்ன இரவு இன்ன குடிலில் இத்தனை பேர் என்று படுக்கையைப் பிடித்து வைக்கிற முறை இல்லை. முதலில் வந்தவருக்கு இடம். குடில் நிரம்பிவிட்டால் சுற்றிலும் டென்ட் போட இடம் இருக்கும். நாங்கள் குடிலுக்குள் ஒரு இரவுகூடப் படுக்கவில்லை, வெளியே டென்டில்தான் படுத்தோம். எங்களுடையது இருவருக்கான டென்ட். துணியை நானும் கம்பிகளை இவரும் பிரித்துச் சுமந்தோம். அடுப்பு ஒன்று, பாத்திரம் ஒன்று, தண்ணீர் வடிகட்டி ஒன்று. தனியாகப் போகிறவர் எல்லாவற்றையும் தானே சுமக்க வேண்டும். இருவராகப் போவதில் தோளுக்குக் கிடைக்கிற பெரிய லாபம் இது.

ஸ்மோக்கியில் இந்த லாபம் பாதி போய்விடும். அங்கே இந்தப் பாதையில் நடப்பவர்கள் பெரும்பாலும் ஷெல்டரில்தான் படுக்க வேண்டும், பக்கத்தில் டென்ட் போட நம்மைப் போன்றவர்களுக்கு அனுமதி இல்லை. ஒவ்வொரு இரவுக்கும் எந்த ஷெல்டர் என்று முன்னாலேயே பதிவு செய்ய வேண்டும். பதிவு 30 நாளுக்கு முன் திறக்கும், ஆளுக்கு இரவுக்கு 8 டாலர். எங்களுக்கு நான்கு இரவுக்கு 64 டாலர் ஆனது. ஷெல்டர் என்றால் மூன்று பக்கம் கல் சுவர், ஒரு பக்கம் திறப்பு, உள்ளே இரண்டு அடுக்காக மரப் பலகை, பன்னிரண்டு பேர் போலப் படுக்கலாம். மாலீஸ் ரிட்ஜ் ஷெல்டரில் எனக்கு ஒரு பக்கம் இவர், மறுபக்கம் முன்பின் தெரியாத ஒருவர், நடுவில் நான்கு விரல் இடைவெளி. அவர் மிகவும் கண்ணியமான மனிதர். இருந்தாலும் ராத்திரி எழுந்து வெளியே போக வேண்டுமென்றால் எத்தனை காலைத் தாண்டுவது! தலைமாட்டில் சுண்டெலி ஓடுகிற சத்தம் வேறு. இருவர் போர்த்தும் இரட்டைப் போர்வை வைத்திருப்பவர்கள் அதை வீட்டிலேயே விட்டுவிட்டு ஆளுக்கொரு ஸ்லீப்பிங் பேக் எடுத்துப்போவது நல்லது.

படுக்கையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கஷ்டம் மூன்றாம் நாள் வந்தது. ஸ்பென்ஸ் ஃபீல்ட் ஷெல்டரிலிருந்து சைலர்ஸ் பால்ட் ஷெல்டர் வரை 12 மைல் என்று வீட்டில் உட்கார்ந்து வரைபடத்தைப் பார்த்துப் பதிவு செய்திருந்தோம். ராக்கி டாப், தண்டர்ஹெட் என்ற இரண்டு சிகரங்களையும் ஏறி இறங்கும்போது இவருடைய இடது முழங்கால் பிடித்துக்கொண்டது. பாதி வழியில் டெரிக் நாப் ஷெல்டர். ஆனால் எங்கள் இடம் அங்கே இல்லை, இன்னும் ஆறு மைல் தள்ளி இருக்கிறது. அந்தப் பூங்காவுக்குள் இந்தப் பாதையைக் கடக்கிற தார்ச்சாலை நியூஃபவுண்ட் கேப்பில் மட்டும்தான். இவர் பையிலிருந்த உணவு மூட்டையையும் அடுப்பையும் என் பைக்கு மாற்றினேன், என் நடைக் கம்புகளையும் இவரிடமே கொடுத்தேன். கம்புகளை ஒரு கைக்கு இரண்டாகப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அடியாக இறங்கினார். சைலர்ஸ் பால்ட் போய்ச் சேர்ந்தபோது நெற்றி விளக்கு வெளிச்சத்தில் நடந்துகொண்டிருந்தோம். பத்தரை மணி நேரம். அன்று இரவு நாங்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. கோபம் இல்லை, இரண்டு பேருக்கும் பயம்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஸ்மோக்கிக்கு உரியதையும் சொல்ல வேண்டும். ஃபோன்டானா அணையில் சுமார் 1,700 அடி உயரத்தில் தொடங்கி, குவோஹி சிகரத்தில் 6,643 அடிக்கு ஏறுகிறோம். அப்பலாச்சியன் பாதை முழுவதிலும் அதுதான் உயரமான இடம். ஷெனன்டோவாவில் பாதை 4,000 அடியைக்கூடத் தொடாது. ஏற ஏற மரங்களே மாறும். கீழே ஓக், மேலே ஸ்புரூஸ், ஃபிர் என்ற ஊசியிலை மரங்கள் அடர்ந்த இருட்டு, பாசி மூடிய கல், ஈர மண் வாசனை. உச்சிப் பகுதியில் ஆண்டுக்கு 85 அங்குலம் மழை பெய்கிற காடு அது. நான்காம் நாள் காலை மேகம் எங்கள் காலுக்குக் கீழே இருந்தது. இவர் முழங்காலைப் பிடித்தபடி அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கிளிங்மன்ஸ் டோம் என்று பல காலம் அழைக்கப்பட்ட அந்தச் சிகரத்துக்கு 2024 செப்டம்பரில்தான் செரோக்கி மக்களின் பழைய பெயர் திரும்ப வந்தது. குவோஹி என்றால் முசுக்கட்டை மரம் உள்ள இடம். அந்தப் பெயரைத் தெரிந்துகொண்டு ஏறியதில் எனக்கு ஒரு நிறைவு.

ஷெனன்டோவாவிலும் அப்படி ஒரு பழைய வாழ்வு உண்டு. 1935-இல் பூங்கா அமைவதற்காக அந்த மலையில் குடியிருந்த குடும்பங்களை வெளியேற்றினார்கள். காட்டுக்கு நடுவே இடிந்த புகைக்கூண்டும் கல் வேலியும் ஆப்பிள் மரமும் இன்றும் தட்டுப்படும். அவற்றைக் கடக்கும்போது நாங்கள் இருவரும் தானாகவே குரலைத் தாழ்த்திக்கொண்டோம்.

சாப்பாட்டில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆளுக்கு ஒரு நாளைக்கு 800, 900 கிராம் உலர் உணவு கணக்கு. அவல்தான் எங்களைக் காப்பாற்றியது. கொதிக்கிற தண்ணீரை ஊற்றி மூடி வைத்தால் ஐந்து நிமிடம், மேலே புளிக்காய்ச்சலோ பருப்புப் பொடியோ போட்டால் ஆயிற்று. எரிவாயுவும் மிச்சம். ஷெனன்டோவாவில் வழியில் கடை இருப்பதால் மூன்று நாள் உணவு போதும், ஸ்மோக்கியில் எல்லா நாளுக்கும் சுமக்க வேண்டும். கரடி இரண்டு இடத்திலும் உண்டு. உணவைத் தொங்கவிட ஷெனன்டோவா குடில்களில் உயரக் கம்பமும் ஸ்மோக்கியில் கம்பிக் கயிறும் வைத்திருக்கிறார்கள். பற்பசை உட்பட வாசனை உள்ள எல்லாமே மேலே போக வேண்டும்.

தென்மேற்கு வர்ஜீனியாவில் கிரேசன் ஹைலண்ட்ஸையும் சிலர் கேட்பார்கள். புல்வெளியில் குட்டைக் குதிரைகள் மேயும் அழகான இடம்தான், இரண்டு மூன்று நாளுக்குப் போதும். முழு வாரத்துக்கு இந்த இரண்டோடு அதைச் சேர்க்க மாட்டேன்.

ஏற்கனவே இருவராக மூன்று நான்கு இரவு காட்டில் தங்கியவர்கள், ஒருவர் நடையை மற்றவர் அறிந்தவர்கள், தாராளமாக ஸ்மோக்கிக்குப் போகலாம். ஒரு நாளைக்கு எட்டு மைலுக்கு மேல் பதிவு செய்யாதீர்கள், அதுவும் உங்களில் மெதுவாக நடப்பவரின் கணக்கில். மார்ச் 15 முதல் முழுப் பாதை நடப்பவர்கள் கூட்டமாக வருவார்கள், அதனால் அக்டோபர் நல்லது. ராத்திரி உறைபனி விழும், அதற்கேற்ற துணி வேண்டும்.

வரும் மே மாதம் நாங்கள் ஷெனன்டோவாவின் வடக்குப் பாதிக்குப் போகிறோம். எல்க்வாலோ வரை போதும் என்கிறார் இவர். வடக்கு முனையில் உள்ள ஃப்ரன்ட் ராயல் வரை போய்விடலாம் என்கிறேன் நான். சாலை பக்கத்திலேயே இருக்கிறது, அங்கே போய் இவருடைய முழங்காலைக் கேட்டு முடிவு செய்துகொள்வோம்.