மாலைக்கு எந்த பர்பன்? மேக்கர்ஸ் மார்க், வைல்ட் டர்க்கி 101, ஃபோர் ரோசஸ் சிங்கிள் பேரல்

சாயங்காலம் ஆறரை தாண்டினால் போனில் முதல் படம் வந்துவிடும். ஒரு கிளாஸ், பின்னால் பாட்டில், கீழே ஒரு வரி. நாங்கள் ஐந்து பேர். மூன்று பேர் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து லூயிவில், ஒருவர் சின்சினாட்டி, ஒருவர் நாஷ்வில். அன்று எந்த பர்பனை, அதாவது மக்காச்சோளத்தில் வடிக்கும் அமெரிக்க விஸ்கியை, ஊற்றினோம், ராவாகவா ஐஸ் போட்டா, நாக்கில் என்ன தெரிந்தது என்று எழுதிக்கொள்வோம். ஆளுக்கு ஒரு பெக்தான், 45 மில்லி. அதற்கு மேல் போனால் நாக்கு மரத்துவிடும், எழுதுவதை நம்ப முடியாது என்று ஆரம்பத்திலேயே பேசி வைத்துக்கொண்டோம். இரண்டு வருடமாக நடக்கிறது.

இந்த இரண்டு வருடத்தில் திரும்பத் திரும்ப வந்த பாட்டில்கள் மூன்று, அதில் ஆளுக்கொரு கட்சி. சின்சினாட்டி அண்ணனுக்கு மேக்கர்ஸ் மார்க்கைத் தவிர வேறு எதுவும் மாலைச் சரக்கு ஆகாது. எங்கள் தெருவில் இருக்கும் பெரியவர், கென்டக்கியிலேயே பிறந்து வளர்ந்தவர், வைல்ட் டர்க்கி 101-ஐ விட்டு அசையமாட்டார். நாஷ்வில் தம்பிக்கு ஃபோர் ரோசஸ் சிங்கிள் பேரல், அதாவது கலக்காமல் ஒரே பீப்பாயிலிருந்து பாட்டிலுக்கு வருவது. நான் மூன்றையும் மாற்றி மாற்றிக் குடித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் மூன்றிலும் புது பாட்டில் வாங்கி, முறையாகப் பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தேன். முதல் ஒரு வாரம் மூன்றையும் 15 மில்லி வீதம் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது எந்த கிளாஸ் என்று தெரியாமல் குடித்தேன். ஊற்றிக் கொடுத்தது என் மனைவி. பிறகு ஒவ்வொரு பாட்டிலையும் பத்து நாள் தனியாக. முதல் வாரம் ஒரு தீர்ப்பு வந்தது, அடுத்த முப்பது நாள் அதைப் புரட்டிப் போட்டுவிட்டது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் இந்த மூன்றுக்கும் பொதுவானது. அமெரிக்கச் சட்டப்படி பர்பனுக்கான தானியத்தில் மக்காச்சோளம் குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும். உட்புறம் கரியாகச் சுட்ட புது ஓக் கலனில்தான் ஊற வேண்டும். உள்ளே போகும்போது ஆல்கஹால் 62.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நிறமோ மணமோ வெளியிலிருந்து சேர்க்கக் கூடாது. அந்தச் செம்பழுப்பு முழுக்க மரம் கொடுத்தது. ஒருமுறை பயன்படுத்திய பீப்பாயில் மறுபடி பர்பன் போட முடியாது என்பதால், காலிப் பீப்பாய்கள் கென்டக்கியிலிருந்து ஸ்காட்லாந்துக்குப் போகின்றன. பெங்களூரில் அம்ருத் வடிசாலைக்கும் போகின்றன. அம்ருத் சிங்கிள் மால்ட்டில் வெனிலா வாசம் பிடித்திருக்கிறது என்று சொல்லும் நண்பர்கள் பாதி கென்டக்கியைக் குடித்தவர்கள்தான்.

ஆக, மரமும் சோளமும் எல்லோருக்கும் ஒன்று. வித்தியாசம் மீதித் தானியத்தில் ஆரம்பிக்கிறது. மேக்கர்ஸ் மார்க்கில் 70 சதவீதம் சோளம், 16 கோதுமை, 14 முளைகட்டிய பார்லி. வைல்ட் டர்க்கியில் 75 சோளம், 13 ரை, 12 பார்லி. ஃபோர் ரோசஸ் சிங்கிள் பேரலில் சோளம் 60-க்கு இறங்கி, ரை 35-க்கு ஏறிவிடுகிறது, பார்லி வெறும் 5. ரை என்பது கோதுமைக்கு உறவுக்காரத் தானியம். மிளகும் கிராம்பும் கலந்த மாதிரி ஒரு காரத்தைக் கொண்டுவரும். கோதுமை பர்பன் இனிப்பானது என்று பலர் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்து கோதுமை தனியாக இனிப்பு எதையும் கொண்டுவருவதில்லை. ரையின் காரம் இல்லாததால் சோளத்தின் இனிப்பும் மரத்தின் இனிப்பும் மறைப்பில்லாமல் தெரிகின்றன, அவ்வளவுதான்.

கிடங்கும் பெரிய விஷயம். லாரன்ஸ்பர்க்கில் வைல்ட் டர்க்கியின் கிடங்குகள் பல மாடி உயரம். வெயில் காலத்தில் மேல்மாடி கொதிக்கும், கீழ்மாடி குளிர்ந்திருக்கும். மேலே இருக்கும் பீப்பாயில் சரக்கு மரத்துக்குள் வேகமாகப் போய்வரும். 101 என்பது இப்படிப்பட்ட பல பீப்பாய்களைக் கலந்து சமன் செய்தது. ஃபோர் ரோசஸோ காக்ஸ் கிரீக்கில் ஒரே மாடிக் கிடங்குகளில் வைக்கிறது, அதனால் பீப்பாய்க்குப் பீப்பாய் வெப்ப வித்தியாசம் குறைவு. லொரேட்டோவில் மேக்கர்ஸ் மார்க் மேலே இருக்கும் பீப்பாய்களைக் கையால் உருட்டிக் கீழே இறக்குகிறது. பொறுமை வேண்டிய வேலை. அந்த ஊருக்குப் போயிருந்தபோது நான் அதிக நேரம் நின்றது கிடங்கில்தான். ஈர மரமும் வெனிலாவும் ஆவியும் சேர்ந்த அந்த வாசனை சட்டையோடு வீடு வரை வந்தது.

இனி கிளாஸுக்கு வருகிறேன். கண்ணைக் கட்டாத குறையாகக் குடித்த அந்த ஏழு மாலைகளில் ஃபோர் ரோசஸ் நான்கு முறை முதலிடம். மேக்கர்ஸ் இரண்டு முறை, டர்க்கி ஒரே ஒருமுறை. ஃபோர் ரோசஸ் ஜெயித்ததில் ஆச்சரியம் இல்லை. மூன்றை வரிசையாக வைத்தால் வாசனை அதிகமாகத் தூக்கி அடிப்பதுதான் கவனத்தை இழுக்கும். அதில் பேரிக்காய், பழுத்த பிளம்ஸ், பின்னாலேயே பட்டையும் கிராம்பும். மேக்கர்ஸை அதற்குப் பிறகு குடித்தால் வெறுமையாகத் தெரியும், முதலில் குடித்தால் அருமையாக இருக்கும். இரண்டு முறை அது ஜெயித்ததும் முதல் கிளாஸாக வந்த நாட்களில்தான். இதைக் கண்டுபிடித்தபோதே, பக்கத்தில் பக்கத்தில் வைத்து ருசிப்பது மாலைச் சரக்கைத் தேர்ந்தெடுக்க உதவாது என்று சந்தேகம் வந்துவிட்டது.

மேக்கர்ஸோடு பத்து நாள். சிவப்பு மெழுகில் செருகியிருக்கும் நாடாவைப் பிடித்து இழுத்தால் மெழுகு வட்டமாகக் கிழியும், மேஜையில் சிறு சிறு துணுக்குகள் விழும். அந்த மெழுகு மார்ஜி சாமுவேல்ஸ் யோசனை. அவர் கணவர் பில் சாமுவேல்ஸ் 1953-ல் லொரேட்டோ வடிசாலையை வாங்கினார், 1958-ல் முதல் பாட்டில் வெளிவந்தது. இன்றும் ஒவ்வொரு பாட்டிலையும் கையால்தான் மெழுகில் முக்குகிறார்கள். முதல் மூன்று நாள் எனக்குச் சொர்க்கம். காய்ச்சிக் குறுக்கிய பால், வெனிலா, லேசாக வறுத்த கோதுமை ரவை. தொண்டையில் எந்தக் கமறலும் இல்லை. சாப்பாட்டுக்கு முன்னால், வெயில் சாயும்போது திண்ணையில் உட்கார்ந்து குடிக்க இதைவிட இதமானது இல்லை. அண்ணன் சொல்வது அந்த நேரத்துக்கு முழு உண்மை.

ஆறாம் நாள் வேலை முடிய நேரமாகிவிட்டது. வத்தக்குழம்பு சாப்பிட்டுவிட்டு ஊற்றினேன். காணோம். புளியும் மிளகாயும் நாக்கில் நின்றபடியே இருக்க, மேக்கர்ஸ் இதமான தண்ணீர் மாதிரி போய்விட்டது. மறுநாள் ஐஸ் போட்டேன். பாதி கிளாஸ் வரை நன்றாக இருந்தது, கட்டி கரைந்த பிறகு ஒன்றும் மிஞ்சவில்லை. 45 சதவீத ஆல்கஹால் என்பது அதற்குச் சரியான அளவு, அதற்குக் கீழே இறங்க இடம் இல்லை. 2013 பிப்ரவரியில் அந்த வடிசாலையே சரக்குத் தட்டுப்பாட்டுக்காக அதை 42-க்குக் குறைக்கப் போவதாக அறிவித்து, குடிப்பவர்கள் கொதித்தெழுந்ததும் சில நாட்களிலேயே முடிவைத் திரும்பப் பெற்றது. அந்தக் கோபம் எனக்கு இப்போது நன்றாகவே புரிகிறது.

ஃபோர் ரோசஸோடு பத்து நாள். லேபிளில் கிடங்கு எண்ணும் பீப்பாய் எண்ணும் போட்டிருப்பார்கள். நான் ஒவ்வொரு பாட்டிலுக்கும் அதைக் குறித்து வைக்கிறேன். இந்த வடிசாலையின் அழகு அதன் பத்து செய்முறைகள். இரண்டு தானியக் கலவை, ஐந்து வகை ஈஸ்ட், பெருக்கினால் பத்து. வழக்கமான சிங்கிள் பேரலில் வருவது ரை அதிகமான கலவையும் வி என்ற ஈஸ்ட்டும், அந்தப் பழ வாசனை அதிலிருந்து வருவது. பல பத்தாண்டுகள் அமெரிக்கர்களுக்கே இந்த பர்பன் கிடைக்கவில்லை. ஜப்பானுக்கும் ஐரோப்பாவுக்கும் நல்ல சரக்கு போனது, உள்ளூரில் அதே பெயரில் மட்டமான கலப்பு விஸ்கியை விற்றார்கள். 2002-ல் ஜப்பானின் கிரின் நிறுவனம் வாங்கிய பிறகுதான் வீடு திரும்பியது. சொந்த ஊரில் இழந்த பெயரை மீட்டு வந்த சரக்கு என்பதால் எனக்கு இதன்மேல் தனி மரியாதை உண்டு.

ஆனாலும் ஐந்தாவது நாளுக்குப் பிறகு அது என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தது. முகர்ந்து பார், நிதானமாகக் குடி, இன்றைக்கு பழம் முன்னால் வந்ததா பட்டை முன்னால் வந்ததா என்று பார். சனிக்கிழமைக்கு அது சந்தோஷம். எட்டு மணி நேரம் கணக்குப் பார்த்துவிட்டு வந்த செவ்வாய்க்கிழமைக்கு அது இன்னொரு வேலை. இன்னொன்று, பீப்பாய் மாறினால் ஆளும் மாறுகிறது. சென்ற இலையுதிர் காலத்தில் வாங்கிய பாட்டில் பழமாக மணத்தது. இந்த முறை வாங்கியதில் துவர்ப்பு தூக்கல், மரம் முன்னால் நின்றது. தம்பி அதைத்தான் ரசிக்கிறான். "ஒவ்வொரு பாட்டிலும் புது ஆளைப் பார்க்கிற மாதிரி இருக்குண்ணா" என்பான். எனக்கு வார நாளில் தெரிந்த முகம் வேண்டும்.

வைல்ட் டர்க்கி 101. ஏழு மாலையில் ஒருமுறை மட்டும் ஜெயித்தது. 50.5 சதவீதம், முதல் இரண்டு நாள் தொண்டையில் நன்றாகவே ஏறியது, வாசனையில் கரி முந்தி நின்றது. பெரியவரிடம் சொன்னேன். "ஒரு டீஸ்பூன் தண்ணீர் விடு, அஞ்சு நிமிஷம் தொடாதே" என்றார். 45 மில்லியில் 5 மில்லி தண்ணீர் விட்டால் கணக்குப்படி 45.5 சதவீதத்துக்கு வருகிறது. அதாவது ஏறக்குறைய மேக்கர்ஸ் பாட்டிலில் இருக்கும் அதே அளவு. அன்று அதன் பக்கத்தில் ஒரு விரல் மேக்கர்ஸையும் ஊற்றி வைத்துப் பார்த்தேன். ஆல்கஹால் சமம்தான், ஆனால் டர்க்கி மெலியவில்லை. காய்ச்சிய கருப்பட்டி, ஆரஞ்சுத் தோல், கொஞ்சம் புகையிலை இலை, கடைசியில் மிளகு. விழுங்கிய பிறகு நெஞ்சுக்குள் ஒரு சூடு பரவும், இங்கே கென்டக்கி ஹக், அதாவது கென்டக்கி அணைப்பு, என்பார்கள். அது நெடுநேரம் நின்றது.

இதற்குக் காரணம் பீப்பாய்க்குள் போகும் ஆல்கஹால் அளவில் ஓரளவு இருக்கிறது என்று நினைக்கிறேன். சட்டம் 62.5 வரை விட்டாலும் டர்க்கி 57.5-ல் போடுகிறது, 50.5-ல் பாட்டிலுக்கு வருகிறது. ஃபோர் ரோசஸ் 60-ல் போய் 50-க்கு வருகிறது, மேக்கர்ஸ் 55-ல் போய் 45-க்கு. இறங்கும் தூரம் டர்க்கிக்குத்தான் குறைவு. மரத்தில் ஊறியதைக் கடைசியில் தண்ணீர் விட்டுக் கரைப்பது குறைகிறது. பீப்பாயின் உட்புறத்தை மரம் முதலைத் தோல் மாதிரி வெடிக்கும் வரை சுடுகிறார்கள், அந்தக் கருப்பட்டி வாசம் அதன் பங்கு. 1954-ல் அங்கே வேலைக்குச் சேர்ந்த ஜிம்மி ரஸல், உலகம் வோட்காவுக்கு மாறிய வருடங்களிலும் இதை மெலிய வைக்கவில்லை. அவர் மகன் எடி 1981-ல் சேர்ந்து அதே வழியில் நடத்தினார்.

வத்தக்குழம்புச் சோதனையை இதற்கும் வைத்தேன். நின்றது. ஐஸ் போட்டேன், கட்டி முழுக்கக் கரைந்த பிறகும் கடைசி மிடறில் ஆரஞ்சு தெரிந்தது. ஏழாம் நாள் காலை, கழுவ மறந்த கிளாஸை எடுத்து முகர்ந்தேன். அடியில் காய்ந்த ஒரு துளி. பனை வெல்லம் காய்ச்சும் கொட்டகை வாசம் அப்படியே இருந்தது. என் சிறு வயதில் அம்மாச்சி ஊரில் முகர்ந்தது. சமையலறையில் சிறிது நேரம் அந்த கிளாஸோடு நின்றேன்.

விலையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்துக் கடைகளில் 101 சுமார் 25 டாலர், மேக்கர்ஸ் 30-ஐ ஒட்டி, ஃபோர் ரோசஸ் 45 பக்கம். மாதம் ஒரு பாட்டில் தீரும் வீட்டில் இந்த வித்தியாசம் கையைக் கடிக்கும்.

பஃபலோ ட்ரேஸ் என்ற பர்பனை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். நல்ல சரக்கு, எனக்கும் பிடிக்கும். ஆனால் அது கடை அலமாரியில் நிற்பதில்லை. ஒரு கடையில் கேட்டபோது, யாரும் தொடாத இரண்டு ரம் பாட்டிலைச் சேர்த்து வாங்கினால்தான் தருவோம் என்றார்கள். வெளியே வந்துவிட்டேன். தேடி அலைந்து வாங்கியதைத் தினமும் ஊற்ற மனம் வராது, ஒளித்து வைக்கத் தோன்றும்.

இருபது டாலருக்குள் முடிக்க வேண்டும் என்றால் 'எவன் வில்லியம்ஸ்' என்ற பர்பனின் வெள்ளை லேபிள். கண்டதையும் கலந்து விற்பதைத் தடுக்க 1897-ல் வந்த சட்டத்தின்படி ஒரே வடிசாலை, ஒரே பருவம், குறைந்தது நான்கு வருடம், சரியாக 50 சதவீதம். ராவாகக் குடித்தால் வேர்க்கடலைத் தோல் மாதிரி ஒரு வறட்சி இருக்கிறது, ஐஸில் சரியாகிவிடுகிறது.

என் அலமாரியில் இப்போது மூன்று பாட்டிலும் ஒரே மட்டத்தில் இல்லை. மேக்கர்ஸ் கால் பாட்டில், பர்பன் குடித்தே இராதவர்கள் வீட்டுக்கு வந்தால் அதைத்தான் முதலில் ஊற்றுவேன். ஃபோர் ரோசஸ் அதற்கும் கீழே, சனிக்கிழமைக்கு. 101 தீர்ந்து, நேற்று இரண்டாவது பாட்டில் வாங்கி வந்தேன். அண்ணனிடம் நிலவரத்தைச் சொன்னதற்கு, சாப்பாட்டுக்கு முன்னால் குடிப்பதை விட்டுவிட்டுப் பின்னால் குடித்தது உன் தப்பு என்று இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார். இன்றைய படத்தில் அவர் சிவப்பு மெழுகு. என் கிளாஸில் 101, ஒரு டீஸ்பூன் தண்ணீர், இன்னும் இரண்டு நிமிடம் ஆகவேண்டும்.